பாவாடை மடிப்பு

குன்னூரில் பள்ளி நாடகங்களுக்கு உடை தைக்கும் சாந்தாமணி, பாவாடை விளிம்பில் மூன்று அங்குலத்தை உள்ளே மடித்துத் தைப்பாள். பிள்ளை வளர வளர, வருடத்துக்கு ஓர் அங்குலம் பிரித்துவிடலாம்.

மகள் தர்ஷினி பத்து வயதில் இறந்து மூன்று வருடமாகிறது. அவள் கடைசியாகப் போட்ட நீல ராணி உடையை, அப்போதே பூட்டிவைத்த பெட்டியிலிருந்து இன்றுதான் எடுத்து, வேறொரு பத்து வயதுச் சிறுமிக்கு உடுத்திவிட்டாள். பாவாடை தரையில் புரண்டது.

"ஏனுங்க அக்கா, உங்க அளவு கூடத் தப்புமுங்களா?" என்று டீச்சர் சிரித்தார்.

சாந்தாமணி மண்டியிட்டு விளிம்பைப் புரட்டினாள். அவள் பிரிக்காத மடிப்பு முழுவதும் பிரிந்திருந்தது. அங்குலத்துக்கு ஒன்றாகத் தெரிந்த பழைய மடிப்புக் கோடுகள் ஒவ்வொன்றும் நடந்து நடந்து தேய்ந்திருந்தன.

"இது இருக்கட்டுங்க டீச்சர். பாப்பாவுக்கு வேற தெச்சுத் தர்றனுங்க."

மாலையில் அதே நீலத்தில் துணி வாங்கிவந்து, தர்ஷினியின் பாவாடை விளிம்போடு இன்னும் மூன்று அங்குலம் சேர்த்து உள்ளே மடித்துத் தைத்தாள்.