தமிழர் இல்லாத சாப்பாட்டுக் கடை

"உங்கள் குசினியில் சமைக்கவோ கழுவவோ தமிழர் யாராவது இருக்கிறார்களா?"

சுரேன் ஜேர்மன் மொழியில் இப்படிக் கேட்டதும், மேசை துடைத்துக்கொண்டிருந்த பரிமாறுகிற பெண் கையை நிறுத்தினாள்.

"ஏன் கேட்கிறீர்கள்?"

"இருந்தால், நான் கேட்ட இரண்டு பேர் மேசை வேண்டாம்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தக் கறுத்தப் பொடியனுக்கு இவ்வளவு கொழுப்பா என்று அவள் நினைத்தது முகத்தில் அப்படியே தெரிந்தது.

"கொஞ்சம் நில்லுங்கள்" என்றுவிட்டு விறுவிறென்று உள்ளே போனாள். திரும்பி வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஒருவரும் இல்லை. சனிக்கிழமை ஏழு மணிக்கு மூலை மேசையைத் தரலாம்."

சுரேனுக்கு அப்பாடா என்றிருந்தது. அவன் ஏறி இறங்கிய ஒன்பதாவது கடை இது.

இப்படிக் கேட்க அவனுக்கு மட்டும் ஆசையா என்ன? எல்லாம் லவினியா போட்ட நிபந்தனை. நண்பனின் கலியாணப் பந்தியில் பக்கத்துக் கதிரையில் இருந்தவள். மூன்று மாதம் தொலைபேசியில் பேசிய பிறகு, போன வாரம்தான் நேரில் சந்திக்கச் சம்மதித்தாள்.

"இடத்தை நீங்களே பாருங்கோ. ஆனா ஒரு தமிழ்க் கண்ணும் படக்கூடாது. பட்டால் அதோட எல்லாம் முடிஞ்சுது."

"அவ்வளவு பயமோ?"

"பிறேமா அக்காவுக்கு நடந்தது தெரியும்தானே? நானும் வீட்டை விட்டுப் போனா அம்மா தாங்க மாட்டா."

கொலோன் தமிழரில் அது தெரியாதவர் யார்? இரண்டு வருடத்துக்கு முன் லவினியாவின் அக்கா பிறேமா ஒருவனோடு கோப்பி குடிக்கப் போனாள். அந்தோனிப்பிள்ளை கண்டுவிட்டார். கோவிலோ, சங்கமோ, எங்கே என்ன நடந்தாலும் வீட்டுக்கு வீடு கதை காவுவது அவர்தான். கோப்பி ஆற முந்தியே கதை வீட்டுக்குப் போய்விட்டது. அன்று நடந்த சண்டையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேர்லினுக்குப் போன பிறேமா, இன்றுவரை வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

சரி, தமிழர் இல்லாத கடையைத் தேடுவது லேசுப்பட்ட வேலையா? அகதியாக வந்த நம்மவர் இந்த நாட்டில் முதலில் நுழைந்ததே குசினி வாசலால்தானே! இத்தாலியன் கடையில் பீட்சா போடுவது சில்வெஸ்டர் அண்ணை. கிரேக்கக் கடையில் கோப்பை கழுவுவது ஜெயச்சந்திரன் அண்ணை. சீனக் கடையிலாவது தப்பலாம் என்று போனால், நூடில்ஸ் சட்டிக்குப் பின்னாலிருந்து, "தம்பி, இரத்தினத்தின்ரை மகனல்லோ?" என்று ஒரு குரல்.

சுரேன் விடுகிற ஆளில்லை. கொலோன் சரிவராது என்று ரயிலேறி டுசல்டோர்ஃப் வந்தான். அங்கே ஒரு சந்துக்குள் அகப்பட்டது இந்தக் கடை. வாசலில் மான்கொம்பு, ஜன்னலில் உலகக் கிண்ணத்துக்குக் கட்டி இன்னும் அவிழ்க்காத ஜேர்மன் கொடி. இதற்குள் எந்தத் தமிழன் வரப்போகிறான்?

சனிக்கிழமை லவினியா வந்தாள். கதிரையில் இருக்க முந்தி நாலு பக்கமும் பார்த்தாள்.

"வடிவாப் பாத்தீங்களோ?"

"வாய் விட்டே கேட்டனான். குசினியிலை ஒரு தமிழரும் இல்லை."

பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வந்தன. ஒரு வாய் வைத்ததும் லவினியாவின் புருவம் உயர்ந்தது.

"ஜேர்மன்காரர் மீனுக்கு இவ்வளவு மிளகு போடுவினமோ?"

"கடை தெரிஞ்செடுத்தது ஆரெண்டு நினைச்சீங்கள்?" என்றான் சுரேன் பெருமையாக.

இரண்டு மணித்தியாலம் போனதே தெரியவில்லை. வாசலைப் பார்த்துப் பார்த்துப் பேசத் தொடங்கியவள், கடைசியில் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அடுத்த சனியும் இஞ்சையே வருவமோ?" என்று அவளே கேட்டாள்.

சுரேனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டான்.

"அடுத்த சனிக்கிழமையும் இதே மேசை வேண்டும். ஆனால் அன்றைக்கும் குசினியில் தமிழர்..."

அவள் கையிலிருந்த தட்டுகளை மேசையில் டக்கென்று வைத்தாள். ஒரு கிழமையாக அடக்கி வைத்த கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"போதும்! மீன் நன்றாக இருந்ததா? பொரித்தவர் தமிழர். பத்து மாதமாக இங்கே அவர்தான் சமையல். அன்றைக்கு உங்களை வெளியே அனுப்பச் சொல்லி முதலாளியைக் கூப்பிடத்தான் உள்ளே போனேன். அந்தச் சமையல்காரர்தான் ஜன்னலால் உங்களைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். 'ஒருவரும் இல்லை என்று சொல், மூலை மேசையைக் கொடு' என்றார். உங்களைப் போன்ற ஆளுக்காக!"

இருவரும் குசினி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பாடு நீட்டுகிற அந்தச் சின்னச் சதுரத்துக்குள், வெள்ளைத் தொப்பிக்குக் கீழே அந்தோனிப்பிள்ளையின் முகம்!

லவினியா கைப்பையை இறுகப் பிடித்தபடி எழுந்தாள்.

"மாமா, நீங்களோ?"

அந்தோனிப்பிள்ளை அவசர அவசரமாகத் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டார். குரல் மட்டும் தழுதழுத்து வெளியே வந்தது.

"இஞ்சை தமிழர் ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. பிறேமாவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வாங்கோ."