ஆதாரம் தேவை

தெல்மா சேர்த்த வரியை மெர்வின் ஆறாவது முறையாகத் திருத்தினார்.

இணையக் கலைக்களஞ்சியத்தில் அந்த வேளாண் பல்கலைக்கழகத்தின் கட்டுரைக்கு அவர்தான் காவல்காரர். சம்பளமில்லாத வேலை கிடைத்தால் சிலருக்கு அதிகாரம் தலைக்கேறும். அவருக்கு ஏறி எட்டு வருடமாயிற்று.

வரி இதுதான்: ‘துருநோய் தாங்கும் கோதுமையைப் பேராசிரியர் ஹோல்டும் வயல் உதவியாளர் தெல்மாவும் உருவாக்கினர்.’

தெல்மாவை எடுத்தார். ஹோல்ட் மட்டும் நின்றார். காரணம் கேட்கும் கட்டத்தில், ‘தெளிவுபடுத்தப்பட்டது’ என்று எழுதினார்.

பன்னிரண்டு கோடைகள் அவள் கனடாவின் சஸ்காச்சுவான் வெயிலில் குத்தவைத்து, சாமணத்தால் கதிர் கதிராக மகரந்தப் பைகளைக் கிள்ளியெடுத்தாள். எந்தக் கதிரை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்தவளும் அவள்தான். ஹோல்ட் மாநாடுகளுக்குப் போய்வந்தார்.

இதெல்லாம் மெர்வினுக்கு நன்றாகத் தெரியும். அதே பல்கலைக்கழகத்தில் முப்பது வருடம் கோப்பு தள்ளிய தன் பெயர் எங்கும் இல்லை, இவளுக்கு மட்டும் என்ன வந்தது? வயிற்றெரிச்சல், வேறொன்றுமில்லை.

தன் வயல் குறிப்பேடுகளைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ தடவை அவர் மேசையருகே வந்து நின்றாள்.

“சாகறதுக்குள்ள என் பேரை அதுல ஒரு தடவை பார்த்துடணும், மெர்வின்.”

சொந்தக் கையால் எழுதியது ஆதாரமாகச் செல்லாது என்றார். வெளியாள் யாராவது அச்சில் எழுதியிருக்க வேண்டும், ஒரு செய்தித்தாள் போதும். விதி விதிதான்.

வெள்ளிக்கிழமை கடைசியாகச் சேர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பில் போய்விட்டாள்.

தொலைபேசி அடித்தது. ஊர்ப் பத்திரிகையில் இரங்கல் பக்கம் பார்க்கும் பெண்.

“அந்தக் கோதுமையைக் கொண்டுவந்ததே தெல்மாம்மாதான்னு ஊரே சொல்லுது, சார். போட்டுடட்டுமா? நீங்க சரின்னு சொன்னா போதும்.”

அச்சில் வந்துவிட்டால் அது ஆதாரம். பிறகு அவரே நினைத்தாலும் அந்தப் பெயரை எடுக்க முடியாது.

மெர்வின் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினார்.

“அதெல்லாம் வேண்டாம்மா. ரொட்டி நல்லா சுடுவா. அதைப் போடு.”

அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் குறித்துக்கொண்டாள். ஐம்பத்தொரு வருடம் கூடவே குடும்பம் நடத்திய புருஷனுக்குத் தெரியாததா ஊருக்குத் தெரிந்துவிடப்போகிறது?