மூன்று மீட்டர்

"என் அண்ணன் ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவன் சார்!"

பழைய இரும்புக் கிடங்கின் வாசலிலேயே அந்தப் பெண், கிரேனின் உயரம் காட்டும் மீட்டரைச் சோதிக்க வந்த மீட்டர்க்காரரை மறித்துக்கொண்டாள். நாலு நாளுக்கு முன் கிரேன் தூக்கிப்போன இரும்புச் சுமை தலையில் மோதிச் செத்தவன் அவள் புருஷன். கிரேனை ஓட்டியவன் அவள் கூடப்பிறந்த அண்ணன்.

மச்சானும் மச்சினனும் கீரியும் பாம்புமாக இருந்தது கிடங்கே அறிந்த சங்கதி. தங்கச்சி மேல் கை வைத்ததற்காக ஒரு தடவை அண்ணன்காரன் எல்லார் முன்னாலும் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறான். கொலை என்று சந்தேகப்பட போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு அது போதாதா?

கிரேன்காரன் சொன்னதையே சொன்னான். "குவியலுக்கு அந்தப் பக்கம் கேபின்ல இருந்து தெரியாது சார். ஸ்கிரீன்தான் எனக்குக் கண்ணு. சுமை தரையிலருந்து மூணு மீட்டர் உயரம்னு காட்டுச்சு. தலைக்கு மேல போயிடும்னு திருப்பினேன். அது பொய் சொல்லும்னு நான் கனவா கண்டேன்?"

மீட்டர்க்காரர் ஏணி போட்டு ஏறினார். கிரேன் கையின் கடைசி மூட்டில், காந்தத் தட்டுக்குச் சற்று மேலே இருந்த சென்சாரைத் துடைத்துப் பார்த்தார். பழுதில்லை. கீழே இறங்கி நாடா பிடித்து அளந்தார். நாடாவில் மூன்று மீட்டர், திரையிலும் மூன்று மீட்டர்.

பாவி மாட்டிக்கொண்டான் என்று நினைத்தார்.

"சரி, காந்தத்துக்குக் கரண்ட் குடு. சுமையோட ஒரு தடவை பாத்துடுவோம். ஸ்கிரீன்ல மூணு வந்ததும் நிறுத்து."

"சார், முதல்ல கோட்டுக்கு வெளியே போயிடுங்க! அங்க நிக்காதீங்க!"

சூடு கண்ட பூனை, பயப்படத்தான் செய்வான். அவர் நகர்ந்து நின்றார்.

காந்தம் இரும்பை அள்ளிக்கொண்டு எழுந்து நின்றது. திரையில் மூன்று மீட்டர். நாடாவில் ஒன்றரை.

திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். அதேதான்.

"சென்சாருக்குள்ள சின்னதா ஒரு காந்தம் இருக்கு. அது எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாத்துத்தான் உயரத்தைக் கணக்குப் போடும்" என்று இன்ஸ்பெக்டரிடம் விளக்கினார். "பக்கத்துலயே இவ்ளோ பெரிய காந்தம் வேலை செஞ்சா அதுக்குத் தலை சுத்திடும். இவன் என்ன பண்ணுவான்?"

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த ஃபைலை மூடினார். கேபினிலிருந்து இறங்கி வந்த கிரேன்காரன் அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

இருபது வருஷமாக அளந்துகொண்டிருக்கிற மனுஷனுக்கு ஒரு உயிரைக் காப்பாற்றிய நிறைவு கிடைத்தது இதுதான் முதல் தடவை. நல்ல சேதியைத் தானே சொல்ல வேண்டுமென்று வாசலுக்கு விரைந்தார். பின்னாலேயே இன்ஸ்பெக்டரும் கிரேன்காரனும் வந்தார்கள்.

"உங்க அண்ணன் மேல தப்பே இல்லம்மா. காந்தத்தைப் போட்டா மீட்டர் உயரத்தைக் கூட்டிக் காட்டுது."

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. அவருக்குப் பின்னால் வந்தவனையே வெறித்துப் பார்த்தாள்.

"அண்ணே... இதை நீ அவரு சாகறதுக்கு முன்னாடியே எங்கிட்ட சொன்னியே?"