மடல் சொன்ன திசை

செவலை என்ற வெள்ளெலிக்குத் தன் காது மடல்கள்மேல் கொள்ளைப் பெருமை.

"கேட்பது உள்ளே இருக்கிற துளைதானே? மடல் வெட்டிச் சுமை. எனக்கு இல்லாமலே எல்லாம் கேட்கிறதே!" என்று சீண்டியது ஓணான்.

"சோதித்துப் பார்த்துவிடலாம்!" என்ற செவலை, ஈரமண் பூசி மடல்களைத் தலையோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடியது. ஓணான் பின்னால் போய்ச் சருகை மிதித்தது. சத்தம் நன்றாகவே கேட்டது. ஆனால் அது முன்னாலிருந்து வந்ததாகச் செவலை கை காட்டியது. கண்ணைத் திறந்தால், ஓணான் பின்னால் நின்றது.

"ஓகோ, திசை சொல்வதுதான் மடலின் வேலையா!" என்று குதூகலமாக மண்ணை உதறியது. மடல்கள் நிமிர்ந்த அதே நொடியில் ஓணானுக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்து வரச் சருகு சரசரத்தது.

"உனக்குப் பின்னால் பாம்பு! மரத்தில் ஏறு!" என்று கத்திவிட்டுச் செவலை வளைக்குள் பாய்ந்தது.

பாம்பு போனபின் கிளையிலிருந்து ஓணான் சொன்னது: "எனக்கும் கேட்டதுதான்."

"எந்தப் பக்கம்?"

ஓணானின் கழுத்து சிவந்தது.