இடது சீட்டு மூட்டை

“என் வெயிட்டை எதுக்குங்க மெக்கானிக்கிட்ட சொல்றீங்க? மானம் போகுது!” என்று கணவனின் கையைக் கிள்ளினாள் அவள்.

“ஸ்போர்ட்ஸ் கார்ம்மா இது. காலியா வெச்சு வீல் அலைன்மெண்ட் பார்த்தா சரிவராது. உட்கார்ற ஆளோட எடையை சீட்ல ஏத்திட்டுத்தான் பார்க்கணும்.”

கார் விஷயத்தில் ஒரு நூல் பிசகினாலும் அவனுக்குச் சோறு இறங்காது. அப்படியொரு பிடிவாதம்!

இருப்பதே இரண்டு சீட்டு. வலப்பக்கம் அவன் எடைக்கும், இடப்பக்கம் அவள் எடைக்கும் மணல் மூட்டைகளை ஏற்றிய மெக்கானிக், சரியாமலிருக்க பெல்ட்டும் மாட்டினார். தன் இடத்தில் தலையில்லாத ஏதோ ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவள் ஓரடி பின்வாங்கினாள். அவனோ அந்த மூட்டையைத் தட்டிக்கொடுத்தான்.

“எவ்வளவு சமர்த்தா உட்கார்ந்திருக்கு பாரு, உன்னை மாதிரி தொணதொணக்காம!”

அவளும் சிரித்து வைத்தாள். பின்னே? வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத மனுஷன், போன வாரம்தான் மனசு மாறி, “மலைக்குப் போவோமா? உச்சிப் பாறையில நாம ரெண்டு பேர் மட்டும்” என்று கேட்டிருந்தான். இந்த ஒரு பயணத்தில் எப்படியாவது குடும்பம் பழையபடி ஆகிவிடாதா என்று அவளுக்கு அடித்துக்கொண்டது. கண்டதையும் நினைத்து அதைக் கெடுத்துக்கொள்வானேன்!

“நாளைக்கு எப்போங்க திரும்புவோம்? அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கணும்.”

“இருட்டுறதுக்குள்ள வந்துடலாம்” என்றவன், மெக்கானிக்கை ஓரமாக அழைத்து ஏதோ சொல்லிவிட்டு, போன் அடிக்கவே வெளியே போனான்.

மெக்கானிக் வந்து இடது சீட்டு மூட்டையின் பெல்ட்டைக் கழற்றினார். அதை இழுத்துத் தரையில் போட்டார். தொப்பென்று விழுந்தது.

“அதை ஏங்க இறக்குறீங்க? நானும்தானே போறேன்?”

“தெரியும் மேடம். மலை ஏறும்போது வண்டி மெதுவாத்தான் போகுமாம், அதுக்கு எப்படி இருந்தாலும் பரவாயில்லைன்னுட்டார். இறங்கும்போதுதான் வேகமா வரணுமாம், வளைவுல ஒரு பக்கமா துளிகூட இழுக்கக் கூடாதாம். அதனால இறக்கத்துக்கு ஏத்த மாதிரி செட் பண்ணச் சொல்லிட்டார்” என்றார் மெக்கானிக். “திரும்பி வரும்போது வண்டியில சார் மட்டும்தானாமே!”