மஞ்சள் விழாத கடிதம்

கடிதத்தில் ஒரு மஞ்சள்கூட விழவில்லை.

கிருஷ்ணப்பிரியா திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். பதினோரு வரிகள். எல்லாம் அச்சடித்தது போல வந்திருந்தன.

கையெழுத்துத் தாளை ஸ்கேன் செய்து கொடுத்தால், மென்பொருள் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துத் தட்டச்சு செய்த மாதிரி மாற்றித் தரும். சந்தேகம் வந்த எழுத்தின்மேல் மஞ்சள் பூசும். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவளுக்கு அதுதான் வேலை, மஞ்சளைத் தேடித் திருத்துவது. வீட்டிலிருந்து பார்க்கவும் ஆபீஸில் எல்லாம் கொடுத்திருந்தார்கள்.

"வந்துச்சாடி?" பின்னால் நின்றிருந்த அம்மா கேட்டாள். "பெரிய எய்த்தா போடு. கண்ணாடி இல்லாம படிக்கணும்."

மூன்று வருடங்களுக்கு முன் தம்பி கிரண் எழுதிவைத்துவிட்டுப் போன கடிதம். நன்றாக இருப்பேன், தேட வேண்டாம், ஒருநாள் வருவேன்.

அம்மா அதைப் படித்த பிறகுதான் தினமும் சாப்பாட்டில் கை வைப்பாள். பிரித்துப் பிரித்து மடிப்புகள் கிழியத் தொடங்கிவிட்டன.

"வந்துடுச்சும்மா. ஒரு தப்பு இல்ல."

"பின்ன? எம்புள்ள எய்த்து முத்தாட்டம் இருக்கும். உங்கப்பாவுது மாதிரி கோழி கிண்டுன குப்பைன்னு நெனச்சியா?"

அம்மா சிரித்தாள். பிரிண்டரிலிருந்து வந்த தாளைச் சூடு ஆறுமுன் வாங்கிக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

கிருஷ்ணப்பிரியா சிரிக்கவில்லை.

ஒவ்வொருவர் எழுத்தையும் மென்பொருளுக்குத் தனித்தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். பக்கம் பக்கமாகக் கொடுத்து, அது தவறும் இடத்தையெல்லாம் திருத்த வேண்டும். எழுத்தின் வடிவத்தைவிட, கண்ணுக்குத் தெரியாத பேனா அழுத்தத்தையும் கை தூக்கும் இடத்தையும்தான் அது பிடித்துக்கொள்ளும். வெள்ளானூர் ஏரியைப் பற்றி அப்பா எழுதிவைத்திருந்த ஆறு நோட்டுகளை வைத்து, அவருடைய எழுத்தை அதற்குப் பழக்க அவளுக்கு நான்கு மாதம் பிடித்தது.

கிரணின் எழுத்தை அவள் இன்னும் பழக்கவே இல்லை.

திரையின் மேல் மூலையைப் பார்த்தாள். 'கையெழுத்து: அப்பா' என்றிருந்தது. மாற்ற மறந்திருந்தாள்.

அதை மாற்றாமலே, அலமாரியிலிருந்து கிரணின் பிளஸ் டூ தமிழ் நோட்டை எடுத்து ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்தாள். கண்ணுக்கு நோட்டும் கடிதமும் ஒரே எழுத்து. அதே சாய்வு. கொம்பில் அதே சுழி.

நோட்டின் பக்கம் முழுக்க மஞ்சள். ஒரு வரி தேறவில்லை.

கடிதத்தை மறுபடி கொடுத்தாள்.

வெள்ளை.

மூன்றாவது முறையும் வெள்ளை.

கிரண் காணாமல் போன நான்காம் நாள், இந்தக் கடிதம் அலமாரித் துணிக்கடியில் கிடைத்தது என்று அப்பாதான் எடுத்துவந்தார். போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் காட்டியதும் அவர்தான். தானாகப் போன பையன், வருவான் என்றார்கள். அன்றோடு தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஹாலில் அம்மா கடிதத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலிக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது. அப்பா. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. மஞ்சள் பக்கத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தார்.

கை நீட்டி, ஸ்கேனர் கண்ணாடிமேல் கிடந்த கடிதத்தை எடுத்தார். கிழியாமல், பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவள் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"கண்ணு," என்றார், ஹாலுக்குக் கேட்காத குரலில். "என் எய்த்த இந்த மெசினு மறந்துடுற மாதிரி பண்ண முடியுமா?"