பிரிட்ஜ் சத்தம்

"எனக்கு உடம்பு முடியலைன்னு கரண்ட் வெட்ட வர்றவன்கிட்ட மூச்சு விட்டே, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று மனைவி லொரெட்டாவைக் காலையிலேயே மிரட்டியிருந்தார் மெர்ல்.

மேற்கு வர்ஜீனியாவில் முப்பது வருஷம் நிலக்கரி வெட்டியவர். வீட்டில் நோயாளி இருப்பதாக டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்தால், பாக்கி இருந்தாலும் கரண்ட்டை வெட்ட மாட்டார்கள். ஆனால் சீட்டை நீட்டிப் பரிதாபம் வாங்குவதா? வீம்பு விடவில்லை.

லொரெட்டாவுக்குத் தெரியும், ஆக்சிஜன் மிஷின் நின்றால் புருஷன் இன்றைய இரவைத் தாண்ட மாட்டார்.

கரண்ட் கம்பெனி ஆள் கதவைத் தட்டினான். மெர்ல் மூக்குக் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவர்போல் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூணு மாசப் பாக்கி. கரண்ட்டை கட் பண்ண வந்திருக்கேன். ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல. வெட்டிட்டுப் போ."

"உள்ள என்ன சத்தம்?"

"பிரிட்ஜ்."

"இப்படி மூச்சு வாங்கற பிரிட்ஜை நான் பார்த்ததில்ல" என்று சிரித்தான். "சரி, மீட்டர் எங்க?"

"கொல்லையில. போய்ப் பாரு."

"நீங்க வந்து காட்டுங்க பெரியவரே. நாலு எட்டு வைக்கக்கூட சோம்பலா?"

மெர்ல் ரோஷமாக எழுந்தார். இரண்டாவது எட்டிலேயே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். உதடு நீலம் பாரித்தது.

லொரெட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவி, நெஞ்சுல ஈரமே இல்லையா உனக்கு? அவர் நுரையீரல் பூரா கரி. அந்த மிஷின் இல்லேன்னா செத்துப்போயிடுவார்!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குள் அவன் மெர்லைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்திருந்தான். "குழாயை மாட்டுங்கம்மா, சீக்கிரம். இந்த வார்த்தைக்குத்தான் இவ்வளவு நேரம் வம்பு இழுத்தேன். யாருக்காவது உடம்பு முடியலையான்னு நானா கேட்டா எங்க ஆபீஸ்ல வேலை போயிடும். வீட்டுக்காரங்க வாயால வரணும். இப்ப மூணு நாள் டைம் தர்றேன். அதுக்குள்ள டாக்டர் சீட்டை அனுப்பிடுங்க."

மூச்சு திரும்பியதும் மெர்ல் முறைத்தார். "உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"வாசல்லயே சத்தம் கேட்டுச்சு." அவன் பையை மாட்டிக்கொண்டான். "எங்கப்பாவும் சுரங்கத்துலதான் இருந்தார். யார் கேட்டாலும் பிரிட்ஜ்னுதான் சொன்னார், கடைசி வரைக்கும்."

அவன் வண்டி தெருமுனை திரும்பும் முன்பே மெர்ல் போனை எடுத்துவிட்டார்.

"டாக்டர் ஆபீஸா? எனக்கு ஒரு சீட்டு வேணும்மா. ஆமா, எனக்குத்தான். உடம்பு முடியல."